அவுனே சந்தைக்குப் போன வழி

பிப்ரவரி 26, சுவோன்

விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் மூக்கு நுனி மரத்துவிட்டது. மைனஸ் 4 டிகிரி. "பெரியம்மா, நாலு சட்டை போட்டுக்கோங்க" என்று தங்கை மகன் ஒரு வாரமாகவே போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் இங்கே சுவோன் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு, கொரியா என்றால் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிதான். "மார்ச் ஒண்ணாம் தேதி இங்க இருக்கிற மாதிரி வாங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். வந்துவிட்டேன்.

அவனுடைய ஒற்றை அறையில் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. வெறும் தரையில் உட்கார்ந்தால் வெயில் காய்ந்த திண்ணை மாதிரி இதமாக இருக்கிறது. இரவு ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு அவன் மார்ச் 1 கதையைச் சொன்னான்.

1910 ஆகஸ்ட்டில் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஒன்பது வருடம் ராணுவப் போலீஸின் ஆட்சி. 1919 ஜனவரியில் பழைய மன்னர் கொஜோங் இறந்துபோனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருடைய இறுதி ஊர்வலம் மார்ச் 3 என்று அறிவித்ததும் நாடு முழுவதிலிருந்தும் மக்கள் தலைநகர் சோலுக்கு வரத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்தை மனதில் வைத்து, இரண்டு நாள் முன்பே, மார்ச் 1 அன்று சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார்கள். கையெழுத்திட்ட 33 பேரில் 16 பேர் கிறிஸ்தவர்கள், 15 பேர் சொண்டோகியோ என்ற நாட்டுச் சமயத்தார், 2 பேர் புத்தத் துறவிகள்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், கூடத்துச் சுவரில் ராணுவ உடுப்பில் நேதாஜி படம். அதன் பக்கத்தில் தாத்தா. மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன தாத்தா, 1943-ல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். பர்மா வரை போய் மலேரியாவோடு திரும்பினார். எங்களுக்கு ஜப்பான்காரன் என்றால் தாத்தாவுக்குத் துப்பாக்கி கொடுத்தவன். அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

பிப்ரவரி 27, சோல்

ரயிலில் தனியாகத்தான் போனேன். பையனுக்கு ஆய்வகம். தொங்னிம்முன் நிலையத்தில் ஏறி வெளியே வந்தால் எதிரிலேயே கல்லால் கட்டிய சுதந்திர வாயில். ஜப்பானை எதிர்த்துக் கட்டியது என்றுதான் நினைத்தேன். இல்லை. 1897-ல், சீனாவின் மேலாதிக்கத்திலிருந்து விடுபட்டதற்காக, சீனத் தூதர்களை வரவேற்ற பழைய வாயிலை இடித்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய நாட்டின் பிடியிலிருந்து வெளியே வந்ததற்கு வாயில் கட்டிப் பதின்மூன்றே வருடத்தில் இன்னொரு நாட்டின் கையில் விழுந்திருக்கிறார்கள்.

வாயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் சோதேமுன் சிறை. சிவப்புச் செங்கல். 1908-ல் ஜப்பானியர் திறந்தது, 1987 வரை சிறையாகவே இருந்தது. நுழைவுக் கட்டணம் 3,000 வோன், நம் காசுக்கு 180 ரூபாய் வரும்.

உள்ளே ஓர் அறை. நான்கு சுவரிலும் கைதிகளின் பதிவு அட்டைகள், ஐயாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றிலும் நேர்ப்பார்வையில் ஒரு முகம், பக்கவாட்டில் ஒரு முகம். தாடி வைத்த கிழவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள், வகிடெடுத்துக் கொண்டை போட்ட பெண்கள். சிலர் முகத்தில் வீக்கம் தெரிகிறது. அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பார்க்காமல் போக முடியவில்லை. பிடித்தவர்கள் அடையாளத்துக்காக எடுத்த படம்தான். ஆனால் அந்தப் படத்தால்தான் இன்று அவர்களுக்கு முகம் இருக்கிறது.

அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் சோற்று அச்சுகள். நாம் இடியாப்ப உழக்குக்குள் மாவை அடைப்போமே, அந்த மாதிரி உருளை. உள்ளே அடியில் ஒரு எண். எண்ணுக்கு ஏற்ப ஆழம் மாறுகிறது. கடும் வேலை செய்கிறவனுக்கு ஆழமான அச்சு, தண்டனையில் இருக்கிறவனுக்கு ஆழமில்லாத அச்சு. தினை, பயறு, கொஞ்சம் அரிசி சேர்த்து வேகவைத்து அதில் அழுத்தித் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா அச்சும் ஒரே அளவு. பசியை இப்படி எண் போட்டு அளந்திருக்கிறார்களே என்று வயிற்றைப் பிசைந்தது.

பெண்கள் சிறை தனிக் கட்டிடம். அதில் 8-ஆம் எண் அறை. மரத்தரை, ஒரு மூலையில் சிறிய துவாரம், அவ்வளவுதான். யூ குவான் சுன் என்ற பெண் இங்கேதான் இருந்தாள். 1902 டிசம்பரில் பிறந்தவள், இஹ்வா பெண்கள் பள்ளி மாணவி. அவளோடு அறையில் இருந்தவர்களில் சுவோன் நகரத்துக் கிசேங் கிம் ஹியாங் ஹ்வா ஒருவர். கிசேங் என்றால் ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட பெண்கள். கட்டாய உடற்பரிசோதனைக்குப் போன வழியில் தன் தோழிகளைத் திரட்டி "மன்சே", அதாவது "வாழ்க" என்று சுதந்திர முழக்கமிட்டவர். இன்னொருவர் இம் மியோங் ஏ. பிள்ளைப்பேற்றுக்காக வெளியே விட்டு, பிறகு கைக்குழந்தையோடு மறுபடி அடைத்தார்கள். அந்தக் குளிரில் குழந்தையின் ஈரத் துணியை யூ குவான் சுன் தன் உடம்பில் சுற்றிக் காயவைத்துக் கொடுப்பாள் என்று சொல்கிறார்கள். பள்ளி மாணவி, கிசேங், குழந்தை பெற்ற தாய் மூவரும் ஒரே அறையில். வெளியே இருந்திருந்தால் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

1920 மார்ச் 1 அன்று, முதலாண்டு நினைவாக, சிறைக்குள்ளேயே அவர்கள் மன்சே முழங்கினார்கள். அதற்கு அடி. செப்டம்பர் 28-ஆம் தேதி யூ குவான் சுன் சிறையிலேயே இறந்தாள். பதினெட்டு நிறையவில்லை.

வெளி முற்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எண்பது இருக்கும். எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் மலர்ந்து "தாகூர்!" என்றார். 1929-ல் தாகூர் கொரியாவைப் பற்றிச் சில வரிகள் எழுதிக் கொடுத்தார், இங்கே ஒரு நாளிதழில் அது வந்தது. பெரியவர் பள்ளியில் மனப்பாடம் செய்தாராம். கண்ணை மூடிக்கொண்டு கொரிய மொழியில் முழுதாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று கேட்டேன். முடித்துவிட்டு, அங்கிருந்த நினைவுச் சின்னத்தைக் காட்டி, ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஹதோயாமா 2015-ல் வந்து அங்கே மண்டியிட்டார் என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிக் காட்டினார். அப்புறம் தன் கோட்டுப் பையிலிருந்து கையைச் சூடாக்கும் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். சாயங்காலம் வரை அது சூடாகவே இருந்தது.

தாத்தா எந்தப் படையில் இருந்தார் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 28, சொனான்

சுவோனிலிருந்து தெற்கே சொனானுக்கு ரயில். நிலையத்து வாசலில் ஹோது குவாஜா வாசனை. வால்நட் பருப்பும் பயறுப் பூரணமும் வைத்து, வால்நட் வடிவ அச்சில் சுடும் சின்ன கேக். சிறிய பெட்டி 5,000 வோன். நம் பணியாரத்தைப் போலவே அச்சுச் சட்டியில் வரிசையாகச் சுட்டெடுக்கிறார்கள். சூடாக இருக்கும்போதே நான்கு தின்றேன்.

பேருந்தில் அரை மணி நேரத்துக்கு மேல் போனால் சுதந்திர நினைவகம். மலையடிவாரத்தில் பரந்த வெளி. 1982-ல் ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்கள் படையெடுப்பை மழுப்பி எழுதுவதாகப் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. நம் கதையை நாமே சொல்லிவைப்போம் என்று மக்கள் பணம் போட்டார்கள். 1987 ஆகஸ்ட் 15 அன்று திறந்தார்கள். நம்முடைய ஆகஸ்ட் 15-தான் அவர்களுக்கும் விடுதலை நாள், 1945-ல். அதனால் வளாகத்தில் 815 கொடிகள். இன்று நல்ல காற்று. அத்தனை கொடியும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்ட சத்தம், பெரிய மழை தகரக் கூரையில் விழுவது போல இருந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஏழு காட்சிக்கூடங்களையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். நான் பார்த்ததில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அகராதி. 1940 பிப்ரவரியில் கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நடைமுறை வந்தது. வைக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் சங்கடம், அலுவலகத்தில் வேலை நடக்காது. பள்ளிகளில் கொரிய மொழிப் பாடம் ஏற்கெனவே தேய்ந்து மறைந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கொரிய மொழிச் சங்கத்தார் ஊர் ஊராகச் சொல் சேகரித்து அகராதி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1942 அக்டோபரில் கைது தொடங்கியது. இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே இறந்தார்கள். கையெழுத்துப் பிரதியை வழக்குக்கான சான்று என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. விடுதலை கிடைத்து மூன்று வாரம் கழித்து, 1945 செப்டம்பர் 8 அன்று, சோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் அந்தக் கட்டுகள் கிடைத்தன. மேல்முறையீட்டுக்காக அனுப்பியது அங்கேயே கிடந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி இந்த நினைவகத்திடம்தான் உள்ளது. பழுப்பேறிய தாள், அடித்துத் திருத்திய வரிகள், ஓரத்தில் சிவப்பு மையில் நுணுக்கி எழுதிய குறிப்புகள். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதியதற்காக மனிதரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள் என்பதை அந்தச் சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டே நினைத்தபோது தொண்டை அடைத்தது.

இரண்டு, வெளியே மேற்குப் பக்கம் ஒரு பள்ளம். ஜப்பானிய ஆளுநரின் தலைமை அலுவலகத்தை மன்னரின் அரண்மனைக்கு நேர் முன்னால் மறைத்துக் கட்டியிருந்தார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று அதை இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கோபுர உச்சியைக் கொண்டுவந்து ஐந்து மீட்டர் ஆழப் பள்ளத்தில் வைத்திருக்கிறார்கள். நாம் மேலே நின்று குனிந்துதான் பார்க்க வேண்டும். சூரியன் மறையும் திசை என்பதற்காகவே மேற்கு. கம்பமோ, மேடையோ, விளக்கோ எதுவும் இல்லை. இடிந்த தூண் துண்டுகள் சுற்றிலும் கிடக்கின்றன, புல் முளைத்திருக்கிறது. அழித்துவிடாமல், போற்றாமல், கண்ணில் படும்படி வைத்திருக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது.

மூன்றாவதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கொரிய விடுதலைப் படை பற்றிய பகுதி. 1940 செப்டம்பரில், சீனாவின் சோங்சிங்கில், நாடு கடந்த தற்காலிக அரசு அமைத்த படை அது. அதிலிருந்து ஒன்பது பேர் 1943-ல் பிரிட்டிஷாரோடு சேர்ந்து வேலை செய்ய இந்தியாவுக்கு வந்தார்கள். கல்கத்தா, டெல்லி, அப்புறம் இம்பால். 1944-ல் இம்பால் போர்முனையில் ஒலிபெருக்கி வைத்து ஜப்பானிய மொழியில் எதிரிப் படையிடம் சரணடையச் சொல்லிப் பேசினார்கள். கைப்பற்றிய கடிதங்களைப் படித்துச் சொன்னார்கள்.

இம்பால். தாத்தாவின் படை போக நினைத்த ஊர். "தில்லி சலோ" என்று மலாயாத் தோட்டங்களிலிருந்து கிளம்பிய எத்தனையோ தமிழர்கள் அந்த மலைகளுக்குப் போகும் வழியில் செத்தார்கள். எங்கள் ஆட்கள் தங்கள் நாட்டை விடுவிக்க ஜப்பானியரோடு நடந்து வந்தார்கள். இவர்கள் தங்கள் நாட்டை விடுவிக்க பிரிட்டிஷாரோடு எதிரே நின்றார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். முப்பது வருடம் வகுப்பில் இம்பாலை நடத்தியிருக்கிறேன். இந்த ஒன்பது பேரைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தாத்தாவுக்கு ஒரு தம்பி. அவரையும் மலாயாவிலிருந்துதான் ஜப்பான்காரர்கள் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. வீட்டில் அவருக்குப் படம் கிடையாது. நேதாஜி படத்துக்குக் கீழே உட்கார்ந்து தாத்தா அவரைப் பற்றிப் பேசியதாகவும் எனக்கு நினைவில்லை. அதே ரயில்பாதையில் போர்க் கைதிகளுக்குக் காவலாகக் கொரிய இளைஞர்களையும் ஜப்பானியர் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் நேச நாட்டு நீதிமன்றங்கள் 148 கொரியர்களைப் போர்க் குற்றவாளிகள் என்று தண்டித்தன. 23 பேருக்கு மரண தண்டனை. ஆட்சி செய்தவனுக்காகக் காவல் நின்று, ஆட்சி செய்தவனின் குற்றத்துக்கும் சேர்த்துச் செத்தவர்கள்.

மாலை, யூ குவான் சுன்னின் ஊரான ப்யோங்சொன் போனேன். 1919-ல் இங்கே நடந்த மன்சே எழுச்சிக்கு முந்தைய இரவு மலையில் தீ ஏற்றிச் செய்தி சொன்னதன் நினைவாக, பிப்ரவரி கடைசி நாளில் தீப்பந்த ஊர்வலம். பேருந்தில் நிறுத்தத்தைத் தவறவிட்டு, இருட்டில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வயல் நடுவே இறங்கிவிட்டேன். போனில் சார்ஜ் இல்லை. வெங்காயத் தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து நின்றார். நான் "மன்சே" என்று மட்டும் சொன்னேன். சிரித்துவிட்டார். வெங்காயத் தாளை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் என் முழங்கையைப் பற்றி, ஊர்வலம் தொடங்கும் இடம் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

கிழவர்கள், ராணுவ வீரர்கள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்ட பள்ளிச் சிறுமிகள், எல்லார் கையிலும் தீப்பந்தம். "தேஹான் தொங்னிப் மன்சே!" கொரியச் சுதந்திரம் வாழ்க. மன்சே என்றால் பத்தாயிரம் ஆண்டு. இரண்டு கையையும் முழுதாக மேலே தூக்கித்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆயுதம் எதுவும் இல்லை என்று காட்டுகிற மாதிரி. நானும் தூக்கினேன்.

மார்ச் 1, ப்யோங்சொன்

இரவு சொனானில் ஒரு சின்ன விடுதியில் தங்கினேன். விடுமுறைக்கு முந்தைய நாள் என்று பதிவு செய்ததற்குமேல் 20,000 வோன் கேட்டார்கள். வாக்குவாதம் செய்ய உடம்பில் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன்.

காலையில் மறுபடி ப்யோங்சொன். இந்த ஊர்ச் சந்தையின் பழைய பெயர் அவுனே. மாதத்தில் 1, 6 என்று முடியும் தேதிகளில் கூடும். அதனால் இன்று மார்ச் 1-ம் ஆயிற்று, சந்தையும் ஆயிற்று. இங்கே நடந்தது சோலில் நடந்த ஒரு மாதத்துக்குப் பிறகு. மார்ச் 10 அன்று பள்ளிகளை மூடிவிட்டார்கள். யூ குவான் சுன் பிரகடனத்தின் பிரதியோடு ஊருக்கு வந்தாள். வீடு வீடாக, சுற்றுக் கிராமமெல்லாம் நடந்து சொன்னாள். ஏப்ரல் 1, சந்திர நாள்காட்டியில் மார்ச் 1, சந்தை நாள். சந்தைக்கு வருகிறவனைப் போலீஸ் சந்தேகப்படாது. மூவாயிரம் பேர் வரை கூடினார்கள் என்கிறார்கள். பகல் பொழுதில் கொடிகள் வெளியே வந்தன. ராணுவப் போலீஸ் சுட்டது. 19 பேர் இறந்தார்கள், அதில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அப்பாவின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் நியாயம் கேட்டவர்களோடு அவளும் நின்றாள்.

நாடு முழுவதும் இப்படித்தான் சந்தைகளில் பற்றிக்கொண்டது. அந்த எழுச்சியில் 7,509 பேர் இறந்ததாகக் கொரிய வரலாற்றாசிரியர் பாக் உன் சிக் கணக்கு எழுதினார். ஜப்பானிய அரசு 553 என்றது.

இன்றைய சந்தை நம் ஊர் வாரச்சந்தையேதான். தரையில் தார்ப்பாய் விரித்து கருவாடு, நெத்திலி, காய்ந்த கடற்பாசி, மிளகாய்ப் பொடி மூட்டை, பழ மரக் கன்றுகள். ஒரு கிழவியிடம் 5,000 வோனுக்கு ஆரஞ்சு வாங்கினேன். எண்ணிப் போட்டுவிட்டு மேலே இரண்டு வைத்தார். கொசுறுக்கு இவர்களிடமும் ஒரு சொல் இருக்கிறது, "தொம்".

ஆரஞ்சை உரித்துக்கொண்டு நடக்கும்போது ஒருவர் ஏதோ கத்தினார். அடுத்த நொடி "டமார்" என்று ஒரு வெடிச் சத்தம். நான் ஆரஞ்சைப் போட்டுவிட்டுக் குனிந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து அரிசிப் பொரி வாசனை. இரும்பு உருளையில் அரிசியை அடைத்துச் சுழற்றி, அழுத்தத்தைத் திடீரென்று திறந்துவிடுகிறார்கள். வெடிக்கும் முன் கத்தி எச்சரிப்பது வழக்கமாம். சுற்றி நின்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பொரிக்காரர் பதறிப்போய் எழுந்து வந்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, ஒரு பை நிறையச் சூடான பொரியைக் கையில் திணித்தார். காசு வாங்கவே இல்லை. கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த இடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டேன்.

மதியம் சுண்டே சூப். இந்தத் தெரு முழுக்க அதே கடைதான். பன்றிக் குடலில் ரத்தம், முட்டைக்கோஸ், வெங்காயம், கண்ணாடி நூடுல்ஸ் அடைத்து அவித்து, வட்டமாக அறுத்து, எலும்புச் சாற்றில் மிதக்கவிடுகிறார்கள். 10,000 வோன். ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்ட வாய்க்கு இது அந்நியமில்லை, மிளகாய்த் துவையல் கலந்ததும் ருசி கூடிவிட்டது. அறுபதுகளில் பக்கத்தில் இறைச்சித் தொழிற்சாலை வந்ததும், மிஞ்சிய குடலை வாங்கி இங்கே சமைக்கத் தொடங்கினார்களாம். சந்தைக்கு வரும் ஏழைச் சனத்தின் சாப்பாடு. பக்கத்து மேசையில் தனியாகச் சாப்பிட்ட பெண், என் கிண்ணத்தில் உப்பிட்ட இறால் கொஞ்சம் போட வேண்டும் என்று சைகையில் காட்டி, தானே போட்டும் கொடுத்தார்.

மேபோங் மலைச் சரிவில் யூ குவான் சுன் நினைவிடம். மேலே ஒரு கல்லறை. அதில் உடல் கிடையாது. சோலில் இதேவோன் பொதுக் கல்லறையில் புதைத்திருந்தார்கள், அந்த நிலத்தை வேறு வேலைக்கு எடுத்தபோது அவள் குழி எது என்று தெரியாமல் போய்விட்டது. அதனால் ஆவியை அழைத்து வைத்த வெறும் கல்லறை. பொரிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

மார்ச் 2, சுவோன்

காய்ச்சல். பூப்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு வரும் குளிர் என்று இந்த நாட்களின் குளிருக்கு இங்கே பெயர் இருக்கிறது. பையன் அரிசிக் கஞ்சி வாங்கி வந்தான், எள்ளெண்ணெய் வாசனையோடு. நாள் முழுவதும் சூடான தரையில் படுத்துக் கிடந்தேன்.

மார்ச் 3, ஜேஅம்ரி

வேண்டாம் என்று பையன் தடுத்தும் கிளம்பிவிட்டேன். சுவோனிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் தொழிற்கூடங்கள், பிளாஸ்டிக் கூடாரம் போட்ட காய்கறித் தோட்டங்கள். கிராமம் மிக அமைதி. தூரத்தில் நாய் ஒன்று குரைத்தது.

1919 ஏப்ரல் 15. ஜப்பானிய லெப்டினன்ட் அரிதா தோஷியோ படை வீரர்களோடு வந்தார். சில நாள் முன்பு சந்தையில் நடந்த அடிதடிக்கு மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொல்லி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத் தேவாலயத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே போனதும் கதவை அடைத்துச் சுட்டார்கள், தீ வைத்தார்கள். கணவனைத் தேடி ஓடிவந்த இரண்டு பெண்களையும் கொன்றார்கள். 23 பேர். பக்கத்துக் கோஜூரியில் இன்னும் ஆறு பேர். ராணுவ நீதிமன்றம் அரிதாவை விடுதலை செய்தது.

இது வெளியே தெரிந்ததில் பெரும் பங்கு, சோலில் கற்பித்துக்கொண்டிருந்த கனடா நாட்டுக் கால்நடை மருத்துவர் பிராங்க் ஸ்கோஃபீல்டுக்கு உண்டு. கல்லூரிக் காலத்தில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கையும் ஒரு காலும் சரியாக இயங்காதவர். மிதிவண்டியில் இங்கே வந்து சாம்பலைப் படம் எடுத்தார். இன்று சோல் தேசியக் கல்லறையில் கிடக்கிறார்.

எரிந்த எலும்புகளை எங்கே புதைத்தார்கள் என்று அறுபத்து மூன்று வருடம் அரசு கேட்கவில்லை. கணவனை அங்கே இழந்த ஜொன் தோங் ரே என்ற பெண்மணிக்கு இடம் நினைவிருந்தது. 1982-ல் அவர் கைகாட்டிய இடத்தில் தோண்டினார்கள். எலும்புகளோடு பொத்தான்கள், காசுகள் எல்லாம் கிடைத்தன. யாருடையது எது என்று பிரிக்க முடியாது. மொத்தமாக ஒரே மேட்டில் புதைத்து, மேலே புல் போட்டிருக்கிறார்கள்.

மேட்டுக்குக் கீழே காட்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்கு அறுபது இருக்கும், என் வயது. பார்லி தேநீர் ஊற்றிக் கொடுத்தார். என்னவோ அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. செயலியில் தட்டினேன். தாத்தா ஜப்பானியரோடு சேர்ந்த படையில் இருந்தார், என் நாட்டின் சுதந்திரத்துக்காக. தாத்தாவின் தம்பியை ஜப்பானியர் ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தட்டிக் காட்டினார்: "தம்பியின் பெயர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். அவருக்கு 86 வயது, காது கொஞ்சம் மந்தம். "உங்க சித்தப்பா, சயாமுக்குப் போனாரே, அவரு பேரு என்னப்பா?" மூன்று முறை கத்திக் கேட்க வேண்டியிருந்தது. "இப்ப எதுக்குத்தா அதெல்லாம்?" என்றார். சும்மா சொல்லுங்கப்பா என்றேன். சொன்னார். வயசு பத்தொன்பது இருக்கும், உங்க தாத்தாதான் கப்பல்ல கூட்டிட்டுப் போனாரு, அதனாலதான் வாயைத் திறக்கவே மாட்டாரு என்றும் சொன்னார்.

உள்ளே திரும்பிப் போய், அந்த அம்மாளிடம் பேனா வாங்கி, வருகையாளர் ஏட்டில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதினேன். அவர் எழுத்தைத் தடவிப் பார்த்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது முறை சரியாகச் சொல்லிவிட்டார்.